உரிமைகள் எல்லாம் கிடைத்துவிட்டால் ‘திருமணம்’ என்ற பெயர் எதற்கு?

ஆதிரை – கேள்வி

வணக்கம். சென்ற வாரம் அலுவலகத்தில் மதிய இடைவேளையின்போது தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்குவது பற்றிப் பேச்சு எழுந்தது. வழக்கமாக இந்தப் பேச்சு இரண்டு நிமிடத்தில் கேலியிலோ கோபத்திலோ முடிந்துவிடும். இம்முறை, என்னைவிட வயதில் மூத்த ஒருவர் நிதானமாக ஒரு கேள்வியை முன்வைத்தார். “இருவர் சேர்ந்து வாழ்வதை நான் தடுக்கவில்லை. சொத்துரிமை, ஓய்வூதியம், மருத்துவமனையில் உடனிருக்கும் உரிமை என எல்லாவற்றையும் கொடுத்துவிடட்டும். அதற்குத் திருமணம் என்றுதான் பெயர் வைக்க வேண்டுமா? வேறொரு பெயர் வைத்தால் என்ன குறைந்துவிடும்?” என்றார்.

தன்பாலினத் திருமணத்தை ஆதரிப்பவள்தான் நான். ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு விடை தோன்றவில்லை. அது வெறும் பெயர்தான் என்றால் ஆதரிப்பவர்கள் அதை விட்டுக்கொடுத்திருக்கலாம், எதிர்ப்பவர்களும் விட்டுக்கொடுத்திருக்கலாம். இரு தரப்பும் அந்தச் சொல்லையே விடாமல் பற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது என்றே படுகிறது.

உரிமைகளைக் கொடுத்துவிட்டுப் பெயரை மட்டும் நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை எந்தெந்த நாடுகள் செய்து பார்த்தன, நடைமுறையில் அது எப்படி இருந்தது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். தன்பாலின ஈர்ப்பு சரியா தவறா என்ற விவாதத்தை இங்கே தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்; அதற்கு வேறு இழைகள் ஏராளமாக இருக்கின்றன.


கார்முகில் – மறுமொழி

ஆதிரை அவர்களுக்கு வணக்கம். உங்கள் அலுவலக நண்பர் சொல்லும் ஏற்பாடு 1989ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு டென்மார்க், தன்பாலின இணையருக்கென்று ‘பதிவுத் துணையுறவு’ என்ற தனிச் சட்டத்தை உலகில் முதன்முதலாகக் கொண்டுவந்தது. திருமணத்தின் பெரும்பாலான உரிமைகள் அதில் இருந்தன. தத்தெடுப்பும் தேவாலயச் சடங்கும் இல்லை. நார்வேயும் சுவீடனும் பின்தொடர்ந்தன. நெதர்லாந்து 1998இல் அதே போன்ற ஏற்பாட்டைச் செய்தது. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 2001 ஏப்ரல் 1 முதல், திருமணத்தையே திறந்துவிட்டு அவ்வாறு செய்த முதல் நாடாயிற்று. டென்மார்க்கும் 2012இல் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தது. இன்று தன்பாலினத் திருமணம் நடைமுறையில் உள்ள நாடுகள் ஏறத்தாழ 40. அவற்றில் பல, முதலில் மாற்றுப் பெயரை வைத்துப் பார்த்த நாடுகள்.

ஏன் அங்கேயே நிற்கவில்லை என்பதற்கு ஜெர்மனியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் நண்பரின் கேள்விக்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்தவரை இல்லை. அங்கே 2001 ஆகஸ்டில் பதிவுத் துணையுறவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றத்தின் மேலவையில் ஆதரவு கிடைக்காது என்பதால் அரசு அந்த மசோதாவை இரண்டாகப் பிரித்திருந்தது. ஒருவரை ஒருவர் பராமரிக்கும் கடமை போன்றவை இருந்த பாதி நிறைவேறியது; வரி முதலிய சலுகைகள் இருந்த பாதி நிறைவேறவில்லை. ஆக, துணைவருக்குச் சோறு போட வேண்டிய பொறுப்பு சட்டப்படி வந்துவிட்டது; அந்தப் பொறுப்பைச் சுமப்பவருக்கு வரி கணக்கிடும்போது சட்டம் அவரைத் தனியாளாகவே பார்த்தது.

அதன்பின் நடந்ததெல்லாம் தவணை முறையில் வந்த சமத்துவம். துணைவர் இறந்தபின் கிடைக்கும் ஓய்வூதியத்துக்காக ஒருவர் வழக்காடி, அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வாரிசுரிமை வரிக்கு 2010இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஒருவர் ஏற்கெனவே தத்தெடுத்த குழந்தையை அவருடைய துணைவரும் தத்தெடுப்பதற்கு 2013இல் ஒரு தீர்ப்பு, வருமான வரிக்கு அதே ஆண்டில் மற்றொரு தீர்ப்பு. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் பல ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார். கடைசியில் 2017 ஜூன் 30 அன்று நாடாளுமன்றம் 393க்கு 226 என்ற வாக்குகளில் திருமணத்தைத் திறந்துவிட்டது. அதற்குத் தேவைப்பட்ட முக்கியத் திருத்தம் எவ்வளவு சிறியது தெரியுமா? குடிமைச் சட்டத்தின் ஒரு பிரிவில், திருமணம் என்பது வெவ்வேறு பாலினத்தைச் சேர்ந்த அல்லது ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவரால் வாழ்நாள் முழுமைக்கும் செய்துகொள்ளப்படுவது என்று எழுதினார்கள். பதினாறு ஆண்டு வழக்குகளால் முழுதாகத் தீராதது ஒரு வாக்கியத்தில் தீர்ந்தது.

“எல்லா உரிமைகளையும் கொடுத்துவிடட்டும்” என்று சொல்வது எளிது. அந்த ‘எல்லாம்’ எவை என்று பட்டியலிடுவதுதான் கடினம். அமெரிக்காவில் கூட்டரசின் தணிக்கை அமைப்பு 2004இல் கணக்கெடுத்தபோது, திருமண நிலையைப் பொறுத்து உரிமையோ சலுகையோ பொறுப்போ மாறும் சட்டக்கூறுகள் கூட்டரசுச் சட்டங்களில் மட்டும் 1,138 இருந்தன. மாநிலச் சட்டங்கள் அதில் சேரவில்லை.

உங்கள் நண்பர் கேட்ட கேள்வியை அதே வடிவில் ஒரு சட்டமன்றமே நீதிமன்றத்திடம் கேட்டதும் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2003 நவம்பரில் தன்பாலின இணையருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபின், அனைத்து உரிமைகளையும் ‘சிவில் யூனியன்’ என்ற பெயரில் தந்தால் போதுமா என்று மாநில மேலவை விளக்கம் கேட்டது. போதாது என்று 2004 பிப்ரவரியில் பதில் வந்தது. உள்ளடக்கம் ஒன்றாகவே இருக்கும்போது பெயரை மட்டும் வேறாக வைப்பதற்கு, இவர்கள் வேறு என்று காட்டுவதைத் தவிர வேறு நோக்கம் இருக்க முடியாது என்பதே நீதிபதிகளில் பெரும்பான்மையோரின் கருத்தாக இருந்தது. அந்த ஆண்டு மே 17 முதல் அங்கே திருமணங்கள் நடைபெறத் தொடங்கின.


வைகறை – மறுமொழி

கார்முகில் அவர்களின் தகவல்களை மறுக்கவில்லை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன், ஆதிரையின் அலுவலக நண்பர் சொன்ன நிலைப்பாட்டுக்கு அருகில் நிற்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியில் பழுது பெயரில் இருக்கவில்லை. பாதிச் சட்டத்தை நிறைவேற்றியதில் இருந்தது. “திருமணத்துக்குப் பொருந்தும் அனைத்தும் இதற்கும் பொருந்தும்” என்று ஒரே வரியை எழுதியிருந்தால் அந்த வழக்குகளுக்கு இடமே இருந்திருக்காது. வேறு பெயர் என்றாலே தாழ்ந்த படி என்பதையும் ஏற்பதற்கில்லை. பிரான்சு 1999இல் ‘பாக்ஸ்’ என்ற ஒப்பந்த உறவைக் கொண்டுவந்தபோது அது தன்பாலின இணையரை மனத்தில் வைத்து உருவானதே ஆனாலும் எல்லோருக்கும் திறந்திருந்தது. இன்று அதைச் செய்துகொள்பவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஆண்–பெண் இணையர்தாம். பிரிட்டனில் ஓர் ஆணும் பெண்ணும், திருமணம் வேண்டாம், தன்பாலின இணையருக்கு உள்ள பதிவுத் துணையுறவே எங்களுக்கும் வேண்டும் என்று வழக்குத் தொடுத்து 2018இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். விரும்பித் தேடிப் போகும் அளவுக்கு ஒரு மாற்றுப் பெயருக்கு மதிப்பு இருக்க முடியும் என்பதைத்தானே இவை காட்டுகின்றன?

என் தயக்கம் இரண்டு. முதலாவது, நம்பிக்கையாளர் பலருக்குத் திருமணம் என்பது அரசு உருவாக்கிய பொருளே அல்ல. அரசு தோன்றுவதற்கு முன்பே இருந்த ஒன்றை அரசு பதிவேட்டில் எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட சொல்லின் பொருளைச் சட்டமன்றத்தில் கை தூக்கி மாற்றலாமா? அரசு அந்தச் சொல்லைச் சமயங்களிடமே விட்டுவிட்டு, ஆண்–பெண் இணையர் உட்பட அனைவரையும் ‘துணையுறவு’ என்றே பதிவு செய்தால் யாருக்கும் குறை இராது. இரண்டாவது, மாற்றம் வரும் வழி. அயர்லாந்து 2015 மே 22 அன்று மக்களிடம் கேட்டது. 62 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். முடிவு எனக்கு உவப்பானதாக இல்லாவிட்டாலும் அதற்குத் தலை வணங்குகிறேன். அதே ஆண்டு ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளில் ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம் என்று முடிவானதை அதே மனத்தோடு ஏற்க என்னால் இயலவில்லை.


நெய்தல் – மறுமொழி

வைகறை அவர்கள் மரியாதையாக எழுதியிருப்பதால் நானும் அப்படியே எழுத முயல்கிறேன். எனக்கு இது ஏட்டளவிலான கேள்வி இல்லை என்பதால் ஓரிடத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நானும் என் துணைவரும் பல ஆண்டுகள் ஒரு நாட்டில் பதிவுத் துணையுறவில் இருந்தோம். அந்த நாட்டுக்குள் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. பணி நிமித்தமாக வேறொரு நாட்டுக்குப் போனபோது, குடியேற்றப் படிவத்தில் மணமானவர், மணமாகாதவர், மணவிலக்குப் பெற்றவர், துணையை இழந்தவர் என நான்கு கட்டங்கள் இருந்தன. அதிகாரி கனிவானவர்தான். எங்கள் சான்றிதழை இரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, “இது திருமணமா?” என்று கேட்டார். ஆம் என்றால் பொய். இல்லை என்றால் நாங்கள் இருவரும் அந்நியர்கள். கடைசியில் இருவரும் ‘மணமாகாதவர்’ என்ற கட்டத்தில் குறியிட்டுத் தனித்தனி வரிசையில் நின்றோம். என் துணைவருக்கு அனுமதி கிடைக்க மேலும் ஏழு மாதங்கள் ஆயின.

வைகறை சொல்லும் அந்த ஒரே வரியை எழுதிய இடங்கள் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 2006இல் திருமணத்தின் உரிமைகள் அனைத்தையும் சிவில் யூனியனுக்குக் கொடுத்துச் சட்டம் இயற்றியது. அது சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஓர் ஆணையத்தையும் அதே சட்டத்தில் அமைத்தது. ஆணையம் இணையர் பலரையும் விசாரித்துவிட்டு, நோக்கம் நிறைவேறவில்லை, திருமணத்தையே திறக்க வேண்டும் என்று 2008 டிசம்பரில் அறிக்கை தந்தது. சிவில் யூனியன் என்றால் என்ன என்று முதலாளிகளிடமும் மருத்துவமனைகளிலும் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருந்ததே அதில் திரும்பத் திரும்ப வந்த குறை. நெஞ்சு வலியோடு வந்திருக்கும் துணைக்குப் பக்கத்தில் நின்று யாராவது சட்ட விளக்கம் சொல்வார்களா?

அதற்கு மேலும் ஒன்று நடந்தது. ஈடித் வின்ட்சர் என்ற நியூயார்க் பெண்மணி, பல பத்தாண்டுகள் உடன் வாழ்ந்த தியா ஸ்பையரை 2007இல் கனடாவில் மணந்தார். ஸ்பையர் 2009இல் இறந்தபோது, கூட்டரசு அவர்களை மணமானவர்களாகக் கருதாததால் வின்ட்சர் 3,63,053 டாலர் வாரிசுச் சொத்து வரி கட்ட வேண்டியதாயிற்று. கணவனை இழந்த மனைவி என்றால் அந்த வரியே வந்திருக்காது. அவர் தொடுத்த வழக்கில் 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்த நாள் முதல் கூட்டரசின் சலுகைகள் தன்பாலினத் திருமணங்களுக்குத் திறந்தன. ஆனால் நியூ ஜெர்சிக்காரர்களிடம் இருந்தது சிவில் யூனியன். மாநிலம் எல்லாவற்றையும் கொடுத்திருந்தும் பெயரை மட்டும் தராததால், மேலே இருந்த பூட்டுக்கு அவர்களிடம் சாவி இல்லாமல் போயிற்று. அதைக் காரணம் காட்டித்தான் அந்த மாநில நீதிமன்றம் ஆணையிட, 2013 அக்டோபர் முதல் அங்கே திருமணங்கள் நடைபெற்றன. ஒரு சட்டமன்றம் எழுதும் வரி அதன் எல்லைக்குள்தான் செல்லும். ‘திருமணம்’ என்ற சொல்லோ வேறு அரசுகள் எழுதிய சட்டங்களிலும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே கதைதான். ருமேனியர் ஒருவரும் அவருடைய அமெரிக்கக் கணவரும் பிரஸ்ஸல்சில் மணந்துகொண்டவர்கள். தன்பாலினத் திருமணத்தை ஏற்காத ருமேனியா அந்தக் கணவருக்குக் குடியிருப்பு உரிமை தந்தாக வேண்டும் என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018 ஜூனில் தீர்ப்பளித்தது. ஒன்றியச் சட்டத்தில் இருந்த ‘வாழ்க்கைத்துணை’ என்ற சொல்லை வைத்தே அந்தத் தீர்ப்பு நின்றது.

சமயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை, மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்தவரின் இரண்டாம் மணத்தைத் தன் கண்ணில் திருமணமாக ஏற்பதில்லை; அரசு ஏற்கிறது. ஒரே சொல்லுக்கு ஆலயத்தில் ஒரு பொருளும் பதிவு அலுவலகத்தில் வேறொரு பொருளும் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. மறுமணத்துக்கு வேறு பெயர் வைக்கச் சொல்லி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில், தாமாக முன்வராத எந்தச் சமய அமைப்பும் தன்பாலினத் திருமணத்தை நடத்த வேண்டியதில்லை என்று தெளிவாக எழுதினார்கள். இங்கிலாந்துத் திருச்சபை நடத்துவதற்குச் சட்டப்படி வழியே இல்லை. அரசு அந்தச் சொல்லையே கைவிடட்டும் என்ற யோசனையில் தர்க்கப் பிழை இல்லை. ஆனால் நாங்கள் வாசலில் வந்து நின்ற பிறகுதான் வீட்டையே இடித்துவிடலாம் என்று தோன்றுகிறது என்பது எனக்கு உறுத்துகிறது.


ஆதிரை

எதிர்பார்த்ததைவிட அதிகம் கற்றுக்கொண்டேன், மூவருக்கும் நன்றி. நெய்தல் எழுதிய நான்கு கட்டங்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆசிய நாடுகள் பற்றி யாரும் சொல்லவில்லையே? தைவானில் ஏதோ நடுவழி கண்டார்கள் என்று படித்த நினைவு.


கார்முகில்

தைவானின் கதை சுவையானது. அங்கே அரசியலமைப்பு நீதிமன்றம் 2017 மே 24 அன்று, தன்பாலின இணையர் மணந்துகொள்ள முடியாத நிலை அரசியலமைப்புக்கு முரணானது என்று தனது 748ஆம் எண் விளக்கத்தில் அறிவித்து, சட்டத்தைச் சரிசெய்ய இரண்டு ஆண்டு கெடு விதித்தது. இடையில் 2018 நவம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில், குடிமைச் சட்டத்தின் திருமணம் ஆண்–பெண் இருவருக்கே உரியதாக இருக்க வேண்டும், தன்பாலின இணையருக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று மக்கள் சொல்லிவிட்டார்கள். நீதிமன்றத்தையும் மீற முடியாது, வாக்கெடுப்பையும் தள்ள முடியாது. புதிய சட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதே பெரும் சிக்கலாயிற்று. இறுதியில், ‘நீதித்துறையின் 748ஆம் எண் விளக்கத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம்’ என்று தலைப்பு வைத்தார்கள்! தலைப்பில் திருமணமும் இல்லை, துணையுறவும் இல்லை. உள்ளே நான்காம் பிரிவு, இணையர் திருமணப் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறது. 2019 மே 24 அன்று அது நடைமுறைக்கு வந்தது. தனிச் சட்டம் என்பதால் இடைவெளிகள் இருக்கத்தான் செய்தன. இணையர் இருவரும் சேர்ந்து தத்தெடுக்கும் முழு உரிமை 2023இல்தான் வந்தது.

தாய்லாந்தில் சில ஆண்டுகள் துணையுறவு மசோதாவும் திருமணச் சமத்துவ மசோதாவும் போட்டியிட்டன. திருமணமே வென்றது. சட்டத்தில் கணவன், மனைவி என்றிருந்த இடங்களில் வாழ்க்கைத்துணை என்று மாற்றினார்கள். 2025 ஜனவரி 23 முதல் நடைமுறையில் இருக்கிறது. தந்தை, தாய் என்ற சொற்களை மட்டும் ‘பெற்றோர்’ என்று மாற்றாமல் விட்டுவிட்டார்கள்; அது அங்கே இன்னும் ஓயாத குறை.

இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பளித்தபோது, திருமணம் அடிப்படை உரிமை ஆகாது என்பதில் ஐவரும் ஒன்றுபட்டார்கள். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை விரித்துப் பொருள்கொள்ளவும் மறுத்தார்கள். அவர்கள் பிரிந்த இடம் நீங்கள் கேட்ட இடமேதான். திருமணம் அல்லாத ஒன்றிணைவுக்காவது அரசு ஏற்பளிக்க வேண்டும் என்று இருவர் எழுத, அதை நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்று மூவர் எழுதினார்கள். பெயரும் இல்லை, மாற்றுப் பெயரும் இல்லை என்பதே இன்றைய நிலை. கூட்டு வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை போன்ற சிலவற்றுக்கு 2024இல் அரசு தெளிவுரை தந்தது. ஜெர்மனியின் தவணை முறை எனக்கு நினைவுக்கு வருகிறது, தவணைகள்தாம் இன்னும் சிறியவை.


வைகறை

நியூ ஜெர்சி செய்தி எனக்குப் புதியது. ஓர் அரசு எழுதும் ஒரே வரியால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வழி பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. சொல்லப்போனால் தைவான் மக்களின் வாக்கைத் தலைப்பில் மதித்துவிட்டு நான்காம் பிரிவில் கடந்துபோனதாகவே எனக்குத் தோன்றுகிறது. நெய்தல் அவர்களுக்கு: வாசல் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் நல்ல மறுமொழி இல்லை.


நெய்தல்

அதுவே போதும் ஐயா. தைவான் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடு. சிறுபான்மையோரின் உரிமையைப் பெரும்பான்மையின் வாக்குக்கு விடலாமா என்ற மறுபாதியை இன்னொரு நாள் பேசுவோம்.


ஆதிரை

நேற்று அலுவலக நண்பரிடம் ஜெர்மனியையும் நியூ ஜெர்சியையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் பெயரை விட்டுவிடுகிறேன். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் யார் பெயரை எங்கே எழுதுவார்கள்?” என்று கேட்டார். கார்முகில் தாய்லாந்து பற்றி எழுதிய கடைசி வரி அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. அது இந்த இழைக்குள் அடங்காது. தனி இழையாகத் தொடங்குகிறேன். மூவரும் அங்கே வர வேண்டும்.